எந்த அறிவியல் புத்தகத்தை வாங்குவது?

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், படப்பை, வாலாஜாபாத் வட்டாரப் புத்தகக் கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. ஷிப்ட் முடிந்து, தொழிற்சாலைச் சீருடையைக்கூட மாற்றாமல் நேரே கடைக்கு வரும் தந்தையரையும் தாய்மாரையும் அங்கே காணலாம். கையில் பள்ளி கொடுத்த பட்டியல் இருக்கும். பட்டியலில் இல்லாத கேள்வி ஒன்று மனத்தில் இருக்கும்: 'சயின்ஸுக்கு எந்த கைடு நல்லது?'

பொருளியல் கற்பித்து ஓய்வுபெற்ற என்னிடமும் இக்கேள்வி ஆண்டுதோறும் வருகிறது. அறிவியல் ஆசிரியரிடம் கேட்க வேண்டியதைப் பொருளியல் ஆசிரியரிடம் கேட்பானேன் என்று தோன்றலாம். ஆனால், இக்கேள்வியில் பாதி அறிவியல் என்றால் மீதிப் பாதி பொருளியல். குறைந்த பணம், அதைவிடக் குறைந்த நேரம், தரத்தை முன்கூட்டி அறிய முடியாத சந்தை ஆகிய மூன்றும் கூடிய இடத்தில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது பொருளியலின் அடிப்படை வினாக்களுள் ஒன்று.

தரம் தெரியாத சந்தை

ஜார்ஜ் ஏகர்லாஃப் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் 1970-இல் பழைய கார்ச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். விற்பவருக்குப் பொருளின் தரம் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்ற நிலை இருந்தால், அந்தச் சந்தையில் நல்ல சரக்கை மட்டமான சரக்கு வெளியே தள்ளிவிடும் என்று அதில் விளக்கினார். 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க இந்த ஆய்வே முதன்மைக் காரணம். பள்ளிப் புத்தகச் சந்தைக்கும் இது பொருந்தும். ஓர் அறிவியல் நூல் நல்லதா என்பது, குழந்தை அதைப் படித்து ஓராண்டு கழிந்த பிறகே தெரியவரும். அப்போதுகூட, குறை நூலிலா, கற்பித்தலிலா, குழந்தையின் உழைப்பிலா என்று பிரித்தறிவது கடினம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பாடநூலைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், பணம் கொடுப்பவர் இன்னொருவர், படிப்பவர் மூன்றாமவர். மருத்துவர் எழுதித்தர நோயாளி வாங்கும் மருந்தைப் போன்றது இது. பள்ளி பட்டியலிடுகிறது, பெற்றோர் பணம் செலுத்துகின்றனர், குழந்தை சுமக்கிறது. பயன்படுத்துபவரின் குரல் தேர்ந்தெடுப்பவரின் காதில் விழுவதேயில்லை.

தரம் தெரியாதபோது நாம் அடையாளங்களை நாடுகிறோம். தடிமனான நூல், பளபளப்பான அட்டை, வண்ணப் படங்கள், 'நூற்றுக்கு நூறு' என்ற வாசகம், அதிக விலை ஆகியவை தரத்தின் அடையாளங்கள் ஆகிவிடுகின்றன. இவற்றுக்கும் உள்ளே இருக்கும் அறிவியலுக்கும் தொடர்பு இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பெற்றோருக்குத்தான் இந்தத் தடுமாற்றம் என்று எண்ண வேண்டாம். இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் ஃபைன்மன், 1964-இல் கலிஃபோர்னியா மாநிலத்தின் பள்ளிப் பாடநூல்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இடம்பெற்றார். ஒரு நூல் குறித்த நாளுக்குள் அச்சாகாததால், அட்டைகளுக்கு நடுவே வெற்றுத் தாள்களை வைத்து அனுப்பியிருந்தார் பதிப்பாளர். அந்த வெற்று நூலுக்கும் மதிப்பீட்டாளர்கள் சிலர் மதிப்பெண் போட்டிருந்ததை ஃபைன்மன் பின்னாளில் தம் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்தார்.

கையில் இருக்கும் நூல்

வெளியே தேடுவதற்கு முன், கையில் இருப்பதை அறிய வேண்டும். தமிழ்நாடு பாடநூல் நிறுவனம் 1970-இல் தொடங்கப்பட்டது. மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்காகப் பிரிந்து கிடந்த பாடத்திட்டம், 2010-இல் தொடங்கி, 2011 ஆகஸ்டில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு சமச்சீர்க் கல்வியாக ஒன்றுபட்டது. பேராசிரியர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் வழிகாட்டுதலில் உருவான புதிய பாடநூல்கள் 2018-19 கல்வியாண்டு முதல் படிப்படியாக வந்தன. அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு இவை விலையின்றிக் கிடைக்கின்றன. மற்றவர்களும் இணையத்தில் கட்டணமின்றித் தரவிறக்கிக்கொள்ளலாம்.

பத்தாம் வகுப்பு அறிவியல் நூலைப் புரட்டிப் பாருங்கள். இயக்க விதிகள் முதல் கணினி வழிக் காட்சித் தொடர்பு வரை 23 அலகுகள் உள்ளன. பாடத்தின் முகப்பில் கற்றல் நோக்கங்கள், இடையே செயல்பாடுகள், கைப்பேசியில் காட்டினால் காணொலி திறக்கும் கியூஆர் குறியீடுகள் எனப் பலவும் இருக்கின்றன. தனிமங்களின் ஆவர்த்தன வகைப்பாடும் உயிரின் தோற்றமும் பரிணாமமும் முழு அலகுகளாகவே இருக்கின்றன. மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. தன் பத்தாம் வகுப்பு நூலிலிருந்து ஆவர்த்தன அட்டவணைப் பாடத்தையும் பரிணாமப் பகுதியையும் சில ஆண்டுகளுக்கு முன் நீக்கியபோது நாடெங்கும் அறிவியலாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததை இங்கு நினைவுகூரலாம். மாநில நூல் இலவசமாகக் கிடைப்பதால் அது மட்டமானதாக இருக்கும் என்ற எண்ணம் தவறு.

அதற்குக் குறைகளும் உண்டு. ஒரே ஆண்டில் 23 அலகுகள் என்பது பதினைந்து வயதுக் குழந்தைக்குக் கனமான சுமை. சில பத்திகளில் செய்தி அடர்த்தி மிகுதி, விளக்கம் குறைவு. ஆசிரியர் துணையின்றித் தானே படித்துத் தெளிவது பல குழந்தைகளுக்கு இயலாது. இந்த இடைவெளியில்தான் வழிகாட்டி நூல்களின் வணிகம் வளர்கிறது.

வழிகாட்டி நூல் வேண்டுமா?

வழிகாட்டி நூல்களை வாங்கவே கூடாது என்று அறிவுரை சொல்வது எளிது. ஆனால், இந்தத் தொழிற்பேட்டைப் பகுதியின் வீடுகளை அறிந்தவர்கள் அவ்வாறு சொல்ல மாட்டார்கள். இரண்டாம் ஷிப்ட் முடித்து நள்ளிரவை ஒட்டி வீடு திரும்பும் தாயால் குழந்தையின் ஒளியியல் ஐயத்தைத் தீர்க்க முடியாது. தனிப்பயிற்சிக்கு அனுப்ப வசதியில்லாத வீட்டில், வழிகாட்டி நூலே மலிவான தனிப்பயிற்சி ஆசிரியர். அதை வாங்கும் பெற்றோர் அறியாமையால் வாங்கவில்லை, தம் நிலைமைக்கேற்பக் கணக்குப் பார்த்தே வாங்குகின்றனர்.

எனவே, எதற்காக வாங்குகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25 மதிப்பெண்கள். தேர்ச்சிக்கு மொத்தம் 35 தேவை. அதில் எழுத்துத் தேர்வில் குறைந்தது 20 எடுத்தாக வேண்டும். அந்த 20-ஐ எட்டத் தடுமாறும் மாணவருக்கு, சுருக்கமான வினா விடைத் தொகுப்பு உண்மையிலேயே உதவும். 60-ஐத் தாண்டிவிட்ட மாணவருக்கோ அதே நூல் தடையாகலாம். பாடத்தின் பின்பகுதி வினாக்கள் மட்டுமல்லாமல் உள்ளிருந்தும் வினாக்கள் வரும் இன்றைய தேர்வு முறையில், ஆயத்த விடையை மனப்பாடம் செய்து பழகியவர் புதிய வினாவைக் கண்டதும் திகைத்து நிற்பார்.

ஒரு நூலின் உண்மையான விலை அதன் அட்டையில் அச்சிட்டிருப்பது மட்டுமன்று. அதைப் படிக்கும் நேரத்தில் குழந்தை வேறு எதைச் செய்திருக்க முடியும் என்பதும் அந்த விலையில் அடங்கும். பொருளியலில் இதனை வாய்ப்புச் செலவு என்போம். ஒரே பாடத்துக்கு மூன்று வழிகாட்டி நூல்களை வாங்குபவர், அதே விடையை மூன்று வடிவங்களில் படிக்கும் நேரத்தையும் சேர்த்தே செலவிடுகிறார். ஒன்பதாம் வகுப்பு வரை வழிகாட்டி நூல் தேவையில்லை என்பதும், பத்தாம் வகுப்பில் தேவைப்பட்டால் ஒன்றே ஒன்று போதும் என்பதும் என் கருத்து.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

அறிவியல் படிக்காத பெற்றோரும் ஒரு நூலைக் கடையில் நின்றபடி பத்து நிமிடங்களில் எடைபோடலாம். இரண்டு மூன்று நூல்களில் ஒரே பாடத்தைத் திறந்து பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள். மின்னோட்டவியல் இதற்கு நல்ல தேர்வு.

முதலாவதாக, பெயரைச் சொல்வதற்கு முன் நிகழ்வை விளக்குகிறதா என்று பாருங்கள். ஃபைன்மன் கண்ட ஒரு நூல், சாவி கொடுத்தால் ஓடும் பொம்மையின் படத்தைப் போட்டு, அதை ஓடச் செய்வது எது என்று கேட்டு, ஆற்றல் என்று விடை சொன்னது. உள்ளேயுள்ள சுருள்வில்லைப் பற்றியோ பற்சக்கரங்களைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. ஆற்றல் என்ற சொல்லைக் கற்றதால் குழந்தை எதையும் அறிந்துகொள்ளவில்லை என்பது அவர் குற்றச்சாட்டு. மின்தடை என்பதற்கு ஒரு வரி இலக்கணம் மட்டும் தந்துவிட்டு நகரும் நூலை ஒதுக்கலாம். கம்பி நீண்டால் ஏன் மின்தடை கூடுகிறது, தடித்தால் ஏன் குறைகிறது என்று பேசும் நூலைக் கையில் எடுக்கலாம்.

இரண்டாவதாக, குழந்தையைக் கையால் ஏதேனும் செய்யச் சொல்கிறதா என்று பாருங்கள். செய்துபார்க்கும் செயல்பாடுகளை அப்படியே விட்டுவிட்டு விடைகளை மட்டும் தொகுத்திருந்தால், அது தேர்வு நூலே அன்றி அறிவியல் நூலன்று.

மூன்றாவதாக, வினாக்களைப் படியுங்கள். ஒவ்வொரு வினாவின் விடையும் மேலேயுள்ள பத்தியிலிருந்து அப்படியே எடுத்து எழுதக்கூடியதா? சிந்தித்து எழுத வேண்டிய வினா ஒவ்வொரு பாடத்திலும் சிலவாவது இருக்கின்றனவா?

நான்காவதாக, கணக்குகளில் அலகுகளைக் கவனியுங்கள். விடையாக 6 என்று மட்டும் இருக்கிறதா, 6 ஓம் என்று இருக்கிறதா? அலகில் அலட்சியமாக இருக்கும் நூல் பிறவற்றிலும் அப்படித்தான் இருக்கும்.

ஐந்தாவதாக, கலைச்சொற்களைப் பாடநூலோடு ஒப்பிடுங்கள். பாடநூலில் ஒரு சொல்லும் வழிகாட்டியில் வேறொரு சொல்லும் இருந்தால் குழந்தை குழம்பும். அச்சிட்ட ஆண்டையும் பார்த்துவிடுங்கள். என்.சி.இ.ஆர்.டி. 2024-இல் ஆறாம் வகுப்புக்கு முற்றிலும் புதிய அறிவியல் நூலை வெளியிட்டது. பழைய நூலுக்கான துணைநூல் அன்றோடு பயனிழந்துவிட்டது.

தமிழா, ஆங்கிலமா?

ஆங்கில வழி நூலே உயர்ந்தது என்ற எண்ணமும் இங்கு வலுவாக உள்ளது. யாழ்ப்பாணம் மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 19-ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார், அதற்கான நூல்களைத் தமிழாக்கியும் வெளியிட்டார். பெ.நா. அப்புசாமி போன்றோர் இருபதாம் நூற்றாண்டில் அறிவியலை எளிய தமிழில் எழுதிக் குவித்தனர். தமிழில் அறிவியலைச் சொல்ல முடியுமா என்ற ஐயத்துக்கு இடமில்லை.

உயர்கல்வியில் ஆங்கிலச் சொற்கள் தேவைப்படும் என்பதும் உண்மை. மாநிலப் பாடநூல் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஒரே உள்ளடக்கத்துடன் கிடைக்கிறது. தமிழ்வழி மாணவர் ஆங்கில வடிவத்தைக் கைப்பேசியில் தரவிறக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாடத்திலும் இருபது கலைச்சொற்களை இரு மொழியிலும் எழுதிப் பழகலாம். ஆங்கிலவழி மாணவர் புரியாத பத்தியைத் தமிழ் நூலில் படிக்கலாம். செலவே இல்லாத இந்த வழியைப் பலரும் பயன்படுத்துவதில்லை. ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் இங்கு வேலைக்கு வந்துள்ள குடும்பங்களின் குழந்தைகளுக்கு இச்சிக்கல் இரட்டிப்பானது. அவர்களுள் இந்தி படிக்கத் தெரிந்தவர்களுக்கு என்.சி.இ.ஆர்.டி.யின் இந்தி நூல்கள் இணையத்தில் இலவசமாக இருப்பதைப் பள்ளிகள் எடுத்துச் சொல்லலாம்.

திரையில் வரும் பாடம்

கைப்பேசிச் செயலிகளின் விளம்பரங்களில் மயங்கிக் கடன் தவணையில் பாடத்தொகுப்பு வாங்கிய குடும்பங்கள் நாடெங்கும் உண்டு. கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்களிடம் எச்சரிக்கையாக இருக்குமாறும், வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் பிடிக்க ஒப்புதல் தர வேண்டாம் என்றும் மத்தியக் கல்வி அமைச்சகம் 2021 டிசம்பரில் பெற்றோருக்கு அறிவுறுத்தியது. இத்துறையில் நாட்டின் மிகப்பெரிய பெயராக விளங்கிய பைஜூஸ் நிறுவனத்தின் மீதே 2024 ஜூலையில் திவால் நடவடிக்கை தொடங்கியது. ஆண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே செலுத்தும் எந்தத் திட்டத்திலும், நிறுவனம் நிலைக்குமா என்ற இடரையும் வாங்குபவரே சுமக்கிறார்.

இலவசமாகக் கிடைப்பவை ஏராளம். கல்வித் தொலைக்காட்சி 2019 முதல் ஒளிபரப்பாகிறது. பாடங்கள் யூடியூபிலும் உள்ளன. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் இணையதளத்தில் மின்சுற்றைத் திரையிலேயே இணைத்துப் பார்க்கலாம். அரவிந்த் குப்தா குப்பையிலிருந்து செய்துகாட்டும் பொம்மைகள் அறிவியலை விளையாட்டாக்குகின்றன. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்திவரும் 'துளிர்' இதழ் குழந்தைகளுக்காகவே தமிழில் வருவது. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 2022 நவம்பரில் தொடங்கிய 'வானவில் மன்றம்' சோதனைகளைப் பள்ளிக்கே கொண்டுவருகிறது. உங்கள் பள்ளிக்கு அது எத்தனை முறை வந்தது என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள்.

பெற்றோரே அறிந்த அறிவியல்

இந்த வட்டாரத்துக்கு மட்டும் வாய்த்த ஒரு கற்றல் வளம் உண்டு. அது எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை. பத்தாம் வகுப்பின் முதல் பாடத்தில் திருப்புத்திறன் வருகிறது. விசையையும் அச்சிலிருந்து அதன் தொலைவையும் பெருக்கினால் திருப்புத்திறன் என்று குழந்தை மனப்பாடம் செய்கிறது. கார்த் தொழிற்சாலையில் டார்க் ரெஞ்சால் நாள் முழுவதும் போல்ட் முடுக்கும் தந்தைக்கு, கைப்பிடி நீண்டால் ஏன் வேலை எளிதாகிறது என்பது கையால் தெரியும். கைப்பேசித் தொழிற்சாலையில் பணியாற்றும் தாய், மணிக்கட்டில் பட்டையைக் கட்டி அதைத் தரையிணைப்புடன் இணைத்த பிறகே சர்க்யூட் போர்டைத் தொடுகிறார். உடலில் சேரும் நிலைமின்னூட்டம் நுண்ணிய மின்னணுச் சில்லைக் கெடுத்துவிடும் என்பதே அதற்குக் காரணம். இதைவிடச் சிறந்த நிலைமின்னியல் பாடம் எந்த வழிகாட்டி நூலிலும் இல்லை.

இங்கு கண்ணாடித் தொழிற்சாலை இருக்கிறது. உருகிய வெள்ளீயத்தின் மேல் உருகிய கண்ணாடியை மிதக்கவிட்டுச் சமதளத் தகடுகளை உருவாக்குவது அடர்த்தி பற்றிய பாடம். டயர்த் தொழிற்சாலையில் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்குவது வேதியியல் பாடம். தம் வேலையில் இருக்கும் அறிவியலைப் பெற்றோர் வாரத்துக்கு ஒரு நாள் பேசினால் போதும். 'எனக்கு என்ன தெரியும்' என்று ஒதுங்கும் பெற்றோருக்கு உண்மையில் நிறையத் தெரியும்.

இதில் மதிப்பெண்ணுக்கு அப்பாற்பட்ட நலனும் உண்டு. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்ததை இவ்வட்டாரம் மறக்கவில்லை. ஆலைகள் வரும், போகும், இயந்திரங்கள் மாறும். ஒரு செயலை மட்டும் கற்றவரைவிட, அச்செயலின் காரணத்தையும் அறிந்தவர் அடுத்த வேலைக்கு எளிதில் நகர முடியும். இங்குள்ள குழந்தைகள் நாளை உற்பத்தி வரிசையில் நிற்பார்களா, அந்த வரிசையை வடிவமைப்பார்களா என்பதில் பள்ளி அறிவியலுக்குக் கணிசமான பங்கு உண்டு.

நிறுவனங்களும் பள்ளிகளும்

2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இங்குள்ள பள்ளிகள் அந்நிதியிலிருந்து பைகளையும் திரைகளையும் மட்டும் கேட்காமல், ஆண்டுதோறும் தீர்ந்துபோகும் ஆய்வகப் பொருள்களையும் நூலகத்துக்கான அறிவியல் நூல்களையும் கேட்க வேண்டும்.

மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம் நமக்கொரு பாடம். நூல், சோதனைப் பெட்டி, ஆசிரியர் பயிற்சி, நூலைத் திறந்துவைத்து எழுதும் தேர்வு என நான்கும் அங்கே ஒன்றாக மாற்றப்பட்டன. முப்பது ஆண்டுகள் நடந்த அத்திட்டத்தை 2002-இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. நூலை மட்டும் மாற்றி மற்ற மூன்றையும் அப்படியே விட்டால் பயன் குறைவு என்பதையே அந்த அனுபவம் காட்டுகிறது.

இந்த ஜூனில் அறிவியலுக்கென ஆயிரம் ரூபாய் ஒதுக்க முடிகிற குடும்பத்துக்கு என் பரிந்துரை இது: பாடநூலுக்குச் செலவில்லை. பத்தாம் வகுப்பு என்றால் ஒரு வழிகாட்டி நூல். மற்ற வகுப்புகளுக்கு அதுவும் வேண்டாம். மீதியில் ஒரு குவிலென்ஸ், இரண்டு காந்தங்கள், சில பேட்டரிகள், எல்.இ.டி. விளக்குகள், லிட்மஸ் தாள், சாதாரண மல்டிமீட்டர் ஒன்று ஆகியவற்றை வாங்குங்கள். இவை சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். எஞ்சியதை அறிவியல் இதழ் ஒன்றின் சந்தாவுக்கு வைத்துக்கொள்ளலாம். அந்த மல்டிமீட்டரை எப்படிப் பிடிப்பது என்று சொல்லித்தரக்கூடிய ஒருவர் இவ்வட்டாரத்தில் அநேகமாக ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).